கணக்கு இருக்கும் டிரைவுக்கு நிலையான எழுத்து
பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வணிகர்கள் கவனத்துக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும், நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு கடை வீதிகளிலும் பத்துப் பதினைந்து வருஷத்துக் கம்ப்யூட்டர்கள் இன்னும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. புதியது வாங்கப் பணமில்லாமல் அல்ல. பில் போடும் பழைய டாஸ் புரோகிராம் 64 பிட் விண்டோஸில் ஓடாது; பெரிய பிளக் வைத்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் புதிய மெஷினில் துளையே இராது; கணக்குப்பிள்ளைக்கும் கை பழகிவிட்டது. ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டிருக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் இந்தப் பழைய மெஷின்களில் ஒரு சின்ன விஷயம் பெரிய குழப்பத்தில் கொண்டுபோய் விடுவதால் அதைப் பற்றி இவ்விதழில் எழுதுகிறோம். ஹார்டு டிஸ்க்கின் பகுதிகளுக்கும் பென் டிரைவுக்கும் கம்ப்யூட்டர் சூட்டும் ஆங்கில எழுத்துதான் அந்த விஷயம்.

நடப்பது இதுதான். விண்டோஸ் மக்கர் செய்கிறது என்று மெக்கானிக்கை அழைக்கிறோம். அவர் சி டிரைவை மட்டும் அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறார். டி டிரைவில் இருந்த கணக்கைத் தொடவே இல்லை. மறுநாள் டேலியைத் திறந்தால் கம்பெனிப் பட்டியலில் நம் கடையின் பெயர் இல்லை. காரணம், புதிய விண்டோஸ் டி என்ற எழுத்தை சி.டி. போடும் டிரைவுக்குக் கொடுத்துவிட்டு, கணக்கு இருந்த பகுதிக்கு இ என்று பெயர் வைத்துவிட்டது. டேலியோ டி டிரைவில்தான் தேடுகிறது. அங்கே ஒன்றுமில்லை.

கணக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆபத்து இதற்கு அடுத்த படியில் வருகிறது. கவுன்ட்டரில் ஆள் நிற்கிறார், லாரி காத்திருக்கிறது. பையன் அவசரத்தில் அதே பெயரில் புதுக் கம்பெனி உருவாக்கி பில் போட ஆரம்பித்துவிடுகிறான். பில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஜி.எஸ்.டி. விதிகளின்படி (விதி 46) ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் தொடர்ச்சியாகவும், ஒரே எண் இரண்டு பில்லில் வராமலும் இருக்க வேண்டும். பத்து நாள் கழித்துக் கண்டுபிடித்தால் பாதிக் கணக்கு ஒரு கம்பெனியிலும் மீதி இன்னொன்றிலும் கிடக்கும். பாக்கிதாரர் கொடுத்த பணம் ஒன்றில், அவருடைய பழைய பாக்கி மற்றொன்றில். ஆடிட்டர் தலையில் கை வைப்பார். ஆகவே கடையின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் புதுக் கம்பெனி உருவாக்கக் கூடாது என்பதைக் கடையில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வைக்கவும். அன்றைக்கு வேண்டுமானால் கையால் பில் போடலாம். ஆனால் அச்சடித்த தனி வரிசையுள்ள பில் புத்தகத்தில்.

எழுத்து யாருடையது?

லாரிக்கு டி.என். 28, டி.என். 30 என்று பதிவு எண் உண்டு. லாரி எங்கே போனாலும் அது கூடவே போகும். ஆனால் புக்கிங் ஆபீஸில் லோடு ஏற்ற எந்த இடத்தில் நிற்கிறது என்பது அன்றைய வரிசையைப் பொறுத்தது. டிரைவ் எழுத்து அந்த நிற்கும் இடத்தைப் போன்றது. எழுத்து டிஸ்க்கில் இல்லை. கம்ப்யூட்டர்தான் தன் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் நம் கடையில் எஃப் என்று காட்டும் பென் டிரைவ் ஆடிட்டர் ஆபீஸில் ஜி என்று காட்டுகிறது. விண்டோஸை அழித்துப் போட்டால் அந்தப் பதிவேடும் அழிந்து, எழுத்துகள் புதிதாக வழங்கப்படுகின்றன.

இந்த எழுத்து ஏன் சி-யில் ஆரம்பிக்கிறது என்று இளைய தலைமுறை கேட்பதுண்டு. 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது பிளாப்பிகள்தான். அவை ஏ, பி ஆகிய இரண்டு எழுத்துகளையும் எடுத்துக்கொண்டன. 1983-ல் ஹார்டு டிஸ்க்குடன் எக்ஸ்.டி. மாடல் வந்தபோது மிச்சமிருந்த முதல் எழுத்து சி. பிளாப்பி போய்விட்டது, அது பிடித்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

விண்டோஸ் 98 காலத்தில் இது இன்னும் மோசம். எழுத்துகளை மெஷின் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் வரிசைப்படி வழங்கும். முதல் டிஸ்க்கின் முதன்மைப் பகுதிக்கு சி. இரண்டாவது டிஸ்க் ஒன்றைச் சேர்த்து அதிலும் முதன்மைப் பகுதி இருந்தால் அதற்கு டி. அதன் பிறகுதான் முதல் டிஸ்க்கின் மற்றப் பகுதிகள். ஆக, இடம் போதவில்லை என்று புது டிஸ்க் போட்டவர்களின் டி டிரைவ் ஒரே நாளில் இ ஆனது. 98-ல் ஹார்டு டிஸ்க்கின் எழுத்தை மாற்ற விண்டோஸிலேயே வழி கிடையாது. எக்ஸ்பி, விண்டோஸ் 7 இரண்டிலும் உண்டு. இனி எழுதுவது அவற்றுக்கு.

மாற்றும் முறை

முதலில் டேலி, பில் புரோகிராம், எக்செல் எல்லாவற்றையும் மூடிவிடவும். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுள்ள பெயரில் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் உள்ள மை கம்ப்யூட்டர் (விண்டோஸ் 7-ல் வெறும் கம்ப்யூட்டர்) ஐகான் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி மேனேஜ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வரும் ஜன்னலின் இடப்பக்கத்தில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் கீழே டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று கட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் பகுதியின் பெயர், எழுத்து, கொள்ளளவு இருக்கும். எழுத்தை நம்பாமல் கொள்ளளவையும் பார்த்தே கட்டத்தை அடையாளம் காணவும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழுதான அல்லது சரியாகப் படிக்க முடியாத டிஸ்க் இணைந்திருந்தால், திறந்தவுடன் டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். கேன்சல் அழுத்தவும். பென் டிரைவைச் செருகும்போது ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டாலும் அதே பதில்தான். அதில் கணக்கு இருந்தால், விவரம் தெரிந்தவர் பார்க்கும் வரை அதன்மேல் எதையும் எழுதக் கூடாது.

இனி மேலே சொன்ன கடையின் நிலையை எடுத்துக்கொள்வோம். சி.டி. டிரைவ் டி என்றும் கணக்கு இ என்றும் ஆகிவிட்டன. இரண்டையும் ஒரே வீச்சில் மாற்றிக்கொள்ள முடியாது. ஒரே எழுத்தை ஒரே சமயத்தில் இருவருக்குக் கொடுக்க விண்டோஸ் சம்மதிக்காது. இரண்டு மூட்டைச் சரக்கை இடம் மாற்ற மூன்றாவதாக ஒரு காலிச் சாக்கு வேண்டுமல்லவா, அது போல. முதலில் சி.டி. டிரைவின் கட்டத்தில் வலது கிளிக் செய்து, சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ் என்ற வரியைத் தேர்ந்து, சேஞ்ச் பொத்தானை அழுத்தி, பட்டியலிலிருந்து ஆர் என்ற எழுத்தைக் கொடுத்து ஓகே செய்யவும். எழுத்தை நம்பி இயங்கும் புரோகிராம்கள் இயங்காமல் போகலாம் என்று எச்சரிக்கும், யெஸ் கொடுக்கவும். இப்போது டி காலியாகிவிட்டது. அதே முறையில் இ பகுதிக்கு டி என்று கொடுக்கவும். ஏதாவது புரோகிராம் அந்த டிரைவைப் பிடித்துக்கொண்டிருந்தால் மெஷினை ஒருமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கும். பிறகு டேலியைத் திறந்தால் கடையின் பெயர் பட்டியலில் வந்து நிற்கும்.

வலது கிளிக்கில் வரும் அந்தப் பட்டியலில் கை நழுவக் கூடாது. விண்டோஸ் 7-ல் நாம் தேடும் வரிக்கு மேலே பகுதியை ஆக்டிவ் ஆக்கும் வரி இருக்கிறது. அதைத் தவறான பகுதியில் அழுத்தினால் மறுநாள் மெஷினே துவங்காமல் போகலாம். அதற்குக் கீழே உள்ள வரி ஃபார்மட். இன்னும் கீழே டெலீட் வால்யூம். வீட்டில் பூச்சி மருந்தையும் இருமல் மருந்தையும் ஒரே அலமாரியில் அடுக்கியது போலத்தான் இதைச் செய்திருக்கிறார்கள். அவசரத்தில், கரண்டு போய்ப் போய் வரும் நேரத்தில், இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

விண்டோஸ் இருக்கும் சி டிரைவின் எழுத்தை இந்த வழியில் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ரிமூவ் என்ற பொத்தான் எழுத்தை மட்டுமே எடுத்துவிடும், உள்ளே இருப்பது அழியாது. மெஷினோடு வந்த ரிகவரி பகுதி மை கம்ப்யூட்டரில் தெரிந்து, பையன்கள் அதில் பாட்டையும் படத்தையும் போட்டு நிரப்புகிறார்கள் என்றால் அதன் எழுத்தை எடுத்துவிட்டால் கண்ணில் படாது.

பேக்கப் பென் டிரைவ்

இதில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். டேலியில் பேக்கப் போகும் இடம் என்று ஓர் எழுத்தைக் கொடுத்து வைத்திருப்போம். ஒரு நாள் பையன் தன் செல்போனிலிருந்து படம் எடுக்க நாலு துளை கார்டு ரீடரைச் செருகி வைத்திருப்பான். அது நாலு எழுத்துகளை விழுங்கிவிடும். நம் பென் டிரைவ் வேறு எழுத்துக்குப் போய்விட்டது. அன்று பேக்கப் எடுத்தால் டிரைவ் இல்லை என்று சொன்னால் நல்லது. எழுத்து அதே ஹார்டு டிஸ்க்கின் வேறு பகுதியைக் காட்டினால்? பேக்கப் முடிந்தது என்றே திரை சொல்லும். டிஸ்க் ஒரு நாள் போகும்போது கணக்கும் பேக்கப்பும் சேர்ந்தே போகும்.

பேக்கப் பென் டிரைவுக்குக் கடைசி எழுத்துகளில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் முன் எழுத்துகளிலிருந்து வழங்கிக்கொண்டு வருவதால் எக்ஸ், ஒய் பக்கம் கூட்டம் வராது. பென் டிரைவைச் செருகி, டிஸ்க் மேனேஜ்மென்டில் மேலே சொன்ன முறையில் எக்ஸ் கொடுத்தால், மறுமுறை அதே பென் டிரைவைச் செருகும்போது அந்த மெஷின் அதை நினைவில் வைத்து எக்ஸ் என்றே காட்டும். இரண்டு பென் டிரைவ்களை நாள் மாற்றி நாள் பயன்படுத்துவது நல்ல பழக்கம். ஒன்று கடையில், மற்றது வீட்டில். ஒன்றுக்கு எக்ஸ், மற்றதற்கு ஒய் என்று கொடுக்கவும். இரண்டுக்கும் ஒரே எழுத்தைக் கொடுத்தால் விண்டோஸ் கடைசியாக வாங்கியதை மட்டுமே நினைவில் வைக்கும். மலிவான சில பென் டிரைவ்களுக்கு உள்ளே தனி எண் இராது. வேறு துளையில் செருகினால் புதுச் சாமான் என்று நினைத்து வேறு எழுத்தைக் கொடுத்துவிடும். எப்போதும் ஒரே துளையில் செருகவும்.

எழுத்துத் தேர்வில் இன்னொரு யோசனை. நாம் டி என்று சொன்னால் அது ஆங்கிலத்தின் நாலாவது எழுத்தா இருபதாவதா? பி என்றால் இரண்டாவதா பதினாறாவதா? போனில் மெக்கானிக்கிடம் பேசும்போது இந்தக் குழப்பம் வரும். எக்ஸ், ஒய், இசட் ஆகியவற்றில் அது இல்லை.

குடோனில் ஒரு மெஷின், கடையில் ஒரு மெஷின் என்று வயர் போட்டு இணைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது தனி. குடோன் மெஷினின் ஃபோல்டரை எஃப் டிரைவ் என்று காட்டும்படி செய்திருப்பார்கள். எக்ஸ்பியில் பென் டிரைவைச் செருகினால் அதுவும் எஃப் என்றே வந்து, குடோன் டிரைவுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். விளக்கு எரியும், ஆனால் மை கம்ப்யூட்டரில் எதுவும் தெரியாது. பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அதற்கு வேறு எழுத்து கொடுத்தால் உடனே வெளியே வந்துவிடும்.

எழுத்து கம்ப்யூட்டருடையது என்றால் டிஸ்க்குக்கே சொந்தமான பெயரும் ஒன்று உண்டு. மை கம்ப்யூட்டரில் டிரைவின் மீது வலது கிளிக் செய்து ரீநேம் கொடுத்து, கணக்கு, பேக்கப் 1, பேக்கப் 2 என்று வைக்கலாம். இது லாரியின் பதிவு எண் மாதிரி; பென் டிரைவ் எந்த மெஷினுக்குப் போனாலும் கூடவே போகும். பென் டிரைவ்களுக்குப் பெரும்பாலும் 11 எழுத்துதான் கொள்ளும்.  அதனால் பெயரைச் சுருக்கமாக வைக்கவும்.

டெஸ்க்டாப் ஐகான்கள்

டெஸ்க்டாப்பில் நாம் காண்பவற்றில் பாதிக்கு மேல் வழிகாட்டிப் பலகைகள். கீழே இடது மூலையில் சின்ன வளைந்த அம்பு இருந்தால் அது ஷார்ட்கட். அதை அழித்தால் உள்ளே இருக்கும் கணக்கு அழியாது. அம்பு இல்லாத ஃபைலும் ஃபோல்டரும் நிஜமான சரக்கு. அவை சி டிரைவில் இருக்கின்றன. மெக்கானிக் சி-யை அழிக்கும்போது அவையும் போய்விடும். வருஷக்கணக்காகச் சேர்த்த விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விலாசம், லெட்டர்பேடு எல்லாம் டெஸ்க்டாப்பில் கிடக்கும் கடைகள் ஏராளம். அவற்றை இன்றே டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, அந்த ஃபோல்டரின் மீது வலது கிளிக் செய்து, சென்ட் டு, பிறகு டெஸ்க்டாப் என்று கொடுத்தால் ஷார்ட்கட் மட்டும் வெளியே வரும்.

இதை மவுஸால் இழுத்துப் போட்டுச் செய்யக் கூடாது. ஒரே டிரைவுக்குள் இழுத்தால் ஃபைல் இடம் மாறும். வேறு டிரைவுக்கு இழுத்தால் நகல் எடுக்கும். டி-யில் உள்ள ஜவ்வரிசி விலைப்பட்டியலை டெஸ்க்டாப்புக்கு இழுத்தால் இப்போது பட்டியல் இரண்டு. கணக்குப்பிள்ளை ஒன்றில் விலையை ஏற்றுவார், பையன் மற்றொன்றைப் பார்த்து போனில் விலை சொல்வான். மூட்டைக்கு இருபது ரூபாய் வித்தியாசத்தில் நூறு மூட்டை போய்விட்டால் இரண்டாயிரம் ரூபாய் போயிற்று.

டிரைவ் எழுத்து மாறினால் ஷார்ட்கட்டும் வழி தவறும். எழுத்தைப் பழையபடி ஆக்கிவிட்டால் தானாகவே சரியாகிவிடும். நம் கருத்தில் அதுவே சிறந்த வழி. அப்படி முடியாதபோது ஷார்ட்கட்டின் மீது வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸ் திறந்து, டார்கெட், ஸ்டார்ட் இன் என்ற இரண்டு பெட்டிகளிலும் எழுத்தை மாற்றவும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய பில் புரோகிராம்கள் திறந்த மாதிரி காட்டிவிட்டுத் தன் ஃபைல்களைக் காணோம் என்று நின்றுவிடும். டாஸ் புரோகிராம்களில் பேட்ச் ஃபைலுக்குள்ளும் எழுத்து இருக்கும். வலது கிளிக்கில் எடிட் கொடுத்தால் நோட்பேடில் திறக்கும்.

அதே பிராப்பர்டீஸில் சேஞ்ச் ஐகான் என்ற பொத்தான் உண்டு. இதை அழகுக்கு என்று ஒதுக்க வேண்டாம். நம்மில் பலரிடம் 2007 ஜனவரி 1-க்கு முந்தைய விற்பனை வரிக் கணக்கு, அதன்பின் வாட் கணக்கு, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. கணக்கு என்று மூன்று தலைமுறை ஒரே மெஷினில் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே படம், ஒரே பெயர் என்றால் என்றாவது ஒரு நாள் இன்றைய பில் பழைய கணக்கில் விழும். பழையவற்றுக்குப் பூட்டுப் படமோ வேறு எதுவோ கொடுத்து, எஃப்2 பொத்தானை அழுத்தி 'வாட் பழையது' என்று பெயரும் மாற்றி, திரையின் வலக்கோடியில் ஒதுக்கி வைக்கவும். விண்டோஸ் 7-ல் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நகர்த்திய ஐகான் மறுபடி ஓடிவந்து வரிசையில் நின்றால், காலி இடத்தில் வலது கிளிக் செய்து ஆட்டோ அரேஞ்ச் குறியை எடுத்துவிடவும். கண் மங்கிய பெரியவர்களுக்கு விண்டோஸ் 7-ல் கன்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு மவுஸின் சக்கரத்தை உருட்டினால் ஐகான்கள் பெரிதாகும். எக்ஸ்பியில் டிஸ்ப்ளே பிராப்பர்டீஸ், அப்பியரன்ஸ், எஃபெக்ட்ஸ் என்று போய்ப் பெரிய ஐகான்களுக்கான கட்டத்தில் குறியிட வேண்டும்.

ஐகானை நம்பி மோசம் போவதும் உண்டு. ஊர் சுற்றி வந்த பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக நிற்கும். இது வைரஸ் வேலை. நிஜ ஃபோல்டர்கள் உள்ளேயே மறைக்கப்பட்டிருக்கும். ஷார்ட்கட்டை இரட்டைக் கிளிக் செய்தால் வைரஸ் நம் மெஷினுக்குள் வந்துவிடும். தொடாமல் வெளியே எடுத்து, வைரஸ் தடுப்பு உள்ள வேறு மெஷினில் சுத்தம் செய்யவும். 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், கிளிக்கே வேண்டாம், ஐகான் திரையில் தெரிந்தாலே பரவியது. ஈரானின் யுரேனியம் செறிவூட்டும் தொழிலகத்தைக் குறிவைத்த அது நம் நாட்டுக் கம்ப்யூட்டர்களிலும் நிறையப் புகுந்தது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் கம்பெனி பாதுகாப்பு கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஆகவே பழைய மெஷினை இன்டர்நெட்டில் இணைக்காமல் பில்லுக்கும் கணக்குக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் பாங்க் வேலையும் வேறு மெஷினில் செய்யவும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதுவரை இந்த மெஷின் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. எந்த எழுத்தில் எது இருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதி சி.பி.யு.வின் பக்கவாட்டில் ஒட்டி வைக்கவும்: சி விண்டோஸ், டி கணக்கு, ஆர் சி.டி., எக்ஸ், ஒய் பேக்கப். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. கொள்ளளவும் அதில் இருக்கும். மெக்கானிக் வந்ததும் அந்தச் சீட்டைக் காட்டி, முடித்த பிறகும் எழுத்துகள் இப்படியே இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடவும். வேலை முடிந்ததும் டேலியைத் திறந்து, கடைசியாகப் போட்ட பில்லின் எண்ணைத் திரையில் பார்த்த பிறகு கூலியைக் கொடுக்கவும்.